சூட்டுக்கு அஞ்சும் துணியும் தண்ணீருக்கு அஞ்சும் துணியும்

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு வீட்டின் அழுக்குக் கூடையைக் கொட்டிப் பார்த்தால் நாலைந்து வகை நூல் அதில் கிடக்கும். பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்திருக்கும். கம்பளி என்று வாங்கிய சுவெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது கம்பளி போலத் தோன்றும் செயற்கை நூல். அன்றாடம் உடுத்தும் சேலை முழுப் பொலியெஸ்டர், குர்த்தி ரேயோன், நுவரெலியா பேல் பசாரில் எடுத்த ஜெக்கெட்டின் மேல்துணி நைலோன். இவை எல்லாம் ஒரே வாளியில், ஒரே சவர்க்காரத் தூளில் இரவு முழுக்க ஊறி, விடிந்ததும் பீலியடிக் கல்லில் அடிபட்டு, முறுக்கிப் பிழியப்பட்டு ஒரே கொடியில் ஏறுகின்றன. பருத்திக்கு அந்த முறை ஒத்துவரும். மற்றவை சில மாதங்களிலேயே மங்கி, உருண்டை பிடித்து, இழுபட்டுப் போகும். "மலிவுத் துணி, அப்படித்தான்" என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். பல நேரம் துணியில் குறை இருப்பதில்லை, கழுவிய விதத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அச்சம் உண்டு. பொலியெஸ்டர் சூட்டுக்கு அஞ்சும், எண்ணெயை விடாது பிடித்துக்கொள்ளும். ரேயோன் நனைந்தவுடன் வலுவிழக்கும். பட்டுக்குச் சலவைத்தூளின் காரம் ஆகாது. கம்பளிக்கு உரசல் ஆகாது. இந்த நான்கும் மனதில் இருந்தால் கீழே சொல்லும் முறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகத் தெரியும்.

பொலியெஸ்டர் எப்படிப்பட்டது

தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்ணிய துளைகள் வழியே இழுத்து எடுக்கும் நூல்தான் பொலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் இதை உருவாக்கினார்கள். டெரிலின், டெட்ரோன் என்று முன்பு கேட்ட பெயர்கள் எல்லாம் இதன் வணிகப் பெயர்களே. மூலப்பொருள் பெற்றோலியம்.

அதனால் இதன் குணமும் பிளாஸ்டிக்கின் குணமே. 100 கிராம் பருத்தி சாதாரணக் காற்றில் இருந்தே ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை உள்வாங்கும். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட வாங்காது. நூலுக்குள் தண்ணீர் போகாததால் விரைவில் காய்கிறது, சுருங்குவதில்லை, மழைக்கால மலைநாட்டுக்கு ஏற்ற துணியாகிறது. ஆனால் தண்ணீரை விரட்டும் அதே நூல் எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளும். தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய், உடம்பின் எண்ணெய்ப்பசை, தாளிப்புப் புகை எல்லாம் அதில் ஒட்டி நிற்கும். பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் கழுத்துப்பட்டியின் மஞ்சள் போகாமல் இருப்பது இதனால்தான்.

சூட்டு விஷயம் இன்னும் முக்கியம். பொலியெஸ்டர் 250 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். ஆனால் 70, 80 பாகையிலேயே உள்ளே இறுக்கம் தளர்ந்து, எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் படியத் தொடங்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, கசங்கிய நிலையிலேயே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் அந்தக் கசங்கல் அச்சாகப் பதிந்துவிடும், பிறகு அயன் பண்ணினாலும் முழுதாகப் போகாது. பாடசாலைப் பாவாடையின் மடிப்பு பல கழுவலுக்கும் நிலைத்து நிற்பதும் இதே குணத்தால்தான். தொழிற்சாலையில் வேண்டுமென்றே சூட்டில் பதித்த மடிப்பு அது.

துணி எது என்று அறிதல்

உள்தையலில் சீட்டு இருந்தால் வேலை சுலபம். நமது நாட்டில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன, அவற்றில் சீட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும். தொட்டி போன்ற படத்துக்குள் 30, 40 என்று எண் இருந்தால் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கக் கூடாது. தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் மட்டும். தொட்டிக்குக் கீழே ஒரு கோடு என்றால் மெதுவாக, இரண்டு கோடு என்றால் மிக மெதுவாக. முக்கோணத்தில் குறுக்குக் கோடு போட்டிருந்தால் ப்ளீச் கூடாது. அயன் படத்துக்குள் ஒரு புள்ளி ஏறத்தாழ 110 பாகை, இரண்டு 150, மூன்று 200. சதுரத்துக்குள் கிடைக்கோடு இருந்தால் தொங்கவிடாமல் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

சீட்டு இல்லாத துணிக்கு எரித்துப் பார்க்கும் சோதனை உண்டு. உள்தையல் ஓரத்தில் இருந்து நாலைந்து நூலை உருவி, புருவம் பிடுங்கும் குறட்டால் பிடித்து, ஓர் உலோகத் தட்டுக்கு மேலே மெழுகுவர்த்திச் சுடருக்கு அருகே கொண்டுபோங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பொலியெஸ்டர் சுடரைக் கண்டு சுருங்கி, உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் நசுக்க முடியாத கடின மணியாகும். நைலோனும் உருகி மணியாகும், ஆனால் புகை குறைவு. பருத்தியும் ரேயோனும் கடதாசி எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும், மிஞ்சும் கரியை விரலால் பொடியாக்கலாம். கலப்புத் துணியில் சாம்பலும் மணியும் இரண்டும் வரும். "பட்டு" என்று சொல்லி விற்ற சேலை உண்மையில் பொலியெஸ்டரா என்று அறிய இதைவிடச் சுலபமான வழி வீட்டில் இல்லை. முந்தானைக் குஞ்சத்தில் இரண்டு நூல் போதும்.

தண்ணீரும் தூளும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குழாயிலும் பீலியிலும் வரும் தண்ணீர் பல மாதங்களில் 15, 16 பாகைதான். அந்தக் குளிரில் சவர்க்காரத் தூள் முழுதாகக் கரையாது. கரையாத மணிகள் கருநிறப் பொலியெஸ்டரில் வெள்ளைக் கோடுகளாகப் படியும், எண்ணெய்ப்பசையும் இளகாது. பொலியெஸ்டருக்கு ஏற்ற அளவு 30 முதல் 40 பாகை வரை, அதாவது கைக்கு வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் போல.

வெப்பமானி இல்லாமலே இதைக் கணக்காகச் செய்யலாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதித்த 1 லீற்றருடன் நாலரை லீற்றர் பச்சைத் தண்ணீர் சேர்த்தால் சுமார் 30 பாகை. 40 பாகை வேண்டுமென்றால் 1 லீற்றருக்கு இரண்டேகால் லீற்றர். கண்டிப் பக்கம் பச்சைத் தண்ணீரே அவ்வளவு குளிராக இருக்காது, சுடுதண்ணீர் கொஞ்சம் போதும். எங்கேயானாலும் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் சுடுதண்ணீர், கலக்கிய பிறகே துணி. துணியின் மேல் நேராகச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம்.

5 லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு மேசைக்கரண்டித் தூள் போதும். இதைவிட அதிகம் போடுவதுதான் நம் வீடுகளில் பரவலான பிழை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரைப் போலல்லாமல், மலையின் ஊற்றுத் தண்ணீர் பொதுவாக மென்னீர். கொஞ்சம் தூளுக்கே நுரை பொங்கும், அந்த நுரையை அலசி எடுக்கத்தான் பாடு. அலசாமல் மிஞ்சிய சவர்க்காரம் துணியை விறைப்பாக்கும், புதிய அழுக்கை இழுத்துப் பிடிக்கும், தோலில் அரிப்புக் கொடுக்கும். தூளை முதலில் ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்துக்கொண்டு வாளியில் சேருங்கள்.

கழுவும் ஒழுங்கு இது. பையில் கடதாசி, பேனை இருக்கிறதா என்று பார்த்து, சிப்பை மூடி, துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். வியர்வையும் எண்ணெயும் உட்புறத்தில்தான் இருக்கின்றன, வெளிப்புறத்தின் மினுக்கமும் பாதுகாக்கப்படும். வெள்ளை முதலில், வெளிர் நிறம் அடுத்து, தேயிலை மலையில் வேலைக்குப் போட்ட உடுப்புக் கடைசியில், அதுவும் தண்ணீர் மாற்றி. பொலியெஸ்டர் அழுக்குத் தண்ணீரில் நின்றால் அந்த அழுக்கையே திரும்ப வாங்கிக்கொள்ளும், வெள்ளைச் சேட்டு சாம்பல் நிறமாவது பெரும்பாலும் இப்படித்தான். 15, 20 நிமிடம் ஊறினால் போதும். பிறகு கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். கழுத்துப்பட்டி, கை விளிம்பு, அக்குள் மூன்றையும் மட்டும் விரலால் மெல்லத் தேயுங்கள். கல்லில் அடிப்பதும் முரட்டுப் பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம். பொலியெஸ்டர் நூல் உறுதியானது, உரசலில் மேலெழும் பஞ்சு உதிர்ந்து போகாமல் நுனியில் சுருண்டு உருண்டையாக நின்றுவிடும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியில் இது இன்னும் அதிகம்.

கடைசியாக இரண்டு முறை, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். முறுக்க வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கு இடையில் வைத்து அமுக்கி, ஒரு காய்ந்த துவாயில் பரப்பிச் சுருட்டி, முழங்கையால் அழுத்தினால் ஈரத்தில் பெரும்பங்கு துவாய்க்குப் போய்விடும்.

மெஷினில் போடுவதானால் தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மெல்லிய சேலையையும் கொக்கி உள்ள உள்ளாடையையும் வலைப்பையில் போடுங்கள். இரட்டைத் தொட்டி மெஷினில் பொலியெஸ்டருக்கு ஒரு நிமிடச் சுற்றல் போதும், அதற்கு மேல் சுற்றினால் கசங்கல்தான் மிச்சம். ஜீன்ஸோடும் துவாயோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஜீன்ஸின் தடித்த தையல் மெல்லிய துணியை அரைக்கும், துவாயின் பஞ்சு கறுப்புப் பொலியெஸ்டரில் ஒட்டினால் இலேசில் போகாது.

கழுவிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் இருக்கின்றன. நம் ஓடைகள் கீழே போய் மகாவலியாகவும் களனியாகவும் ஆகின்றன, வழியில் எத்தனையோ லயத்துக்கு அதுவே குடிதண்ணீர். ஓடைக்குள் நின்று கழுவாமல், வாளியில் கழுவித் தண்ணீரை மண்ணில் ஊற்றுவது கீழே இருப்பவர்களுக்குச் செய்யும் உதவி.

கழுவிய பின்னும் நாற்றம்

காலையில் கழுவிக் காய்ந்த சேட்டு, போட்டு அரை மணியில் பழைய வியர்வை நாற்றம் அடிக்கிறதா? எண்ணெய்ப்பசை நூலில் தங்கி, அதில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடற்பயிற்சி செய்தவர்களின் உடுப்புகளை ஒப்பிட்டார்கள். பருத்தியைவிடப் பொலியெஸ்டரே மோசமாக நாறியது, நாற்றம் தரும் மைக்ரோகொக்கஸ் என்ற நுண்ணுயிர் செயற்கை நூலில் நன்றாக வளர்ந்திருந்தது.

இதற்கு வாசனைத் திரவம் மருந்தல்ல. துணியை மென்மையாக்கும் திரவமும் உதவாது, அது நூலின்மேல் ஒரு மெழுகுப் படலம் பூசி உள்ளிருக்கும் அழுக்கைப் பூட்டிவைக்கும். ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, உட்புறம் திருப்பிய சேட்டை அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு 40 பாகைத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அக்குளில் தடிப்பாகப் படிந்திருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளைக் காய்ந்த துணியிலேயே தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு நனையுங்கள். ஓர் எச்சரிக்கை: வினாகிரியையும் குளோரின் ப்ளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். குளிருக்காகக் கதவைச் சாத்திவைக்கும் சிறிய குளியலறையில் இது இன்னும் ஆபத்து.

இங்கே வழக்கமாகப் படும் கறைகள்

கொழுந்துச் சாறு பச்சையாக இருக்கும்போது கறையாகவே தெரியாது. காற்றுப் பட்டு, தேயிலை தொழிற்சாலையில் நிறம் மாறுவது போலவே, துணியிலும் பழுப்பாக மாறிய பிறகுதான் தெரியும். வேலை முடிந்து வந்தவுடன் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டால் பெரும்பகுதி போய்விடும், ஞாயிறு வரை கூடையில் கிடந்தால் போகாது. தேயிலைக் கறை பட்ட துணியைத் துருப்பிடித்த கம்பிக் கொடியில் போட வேண்டாம். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற கரும் கறை உண்டாகும். குடிக்கும் தேநீர் சிந்தினாலும் உடனே அலசுவதே வழி. பழைய கறைக்கு வினாகிரித் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள்.

அட்டை கடித்த இரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் இரத்தத்தின் புரதம் வெந்து நூலில் இறுகிவிடும். செம்மண் சேற்றை ஈரமாகத் தேய்க்காதீர்கள், உள்ளேதான் போகும். காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டி, பிறகு கழுவுங்கள்.

கறி மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டதும் சிவந்தால் பயப்பட வேண்டாம், மஞ்சள் காரத்தில் சிவக்கும், அலசினால் திரும்பும். மிஞ்சியதை வெயில் வெளுக்கச் செய்யும். ஆனால் கறையோடு அயன் பண்ணிவிட்டால் பொலியெஸ்டரில் அது சாயமாகவே இறங்கிவிடும். எண்ணெய்க் கறைக்கு முன்பு சொன்ன பாத்திரத் திரவமே போதும், காய்ந்த துணியில் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மற்ற மெல்லிய துணிகள்

ரேயோன் மரக்கூழில் இருந்து வரும் நூல். காய்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும், நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். கிழிவதும் நீள்வதும் வாளியில் இருந்து தூக்கும் அந்தக் கணத்தில்தான். நனைந்த குர்த்தியைத் தோளில் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையையும் அடியில் கொடுத்து அள்ளி எடுங்கள். பச்சை அல்லது சற்று வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிடம், அவ்வளவுதான். சாயம் போகுமா என்று முதலில் பாருங்கள். ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணித்துண்டால் ஒரு நிமிடம் அழுத்துங்கள், நிறம் ஒட்டினால் தனியாகக் கழுவ வேண்டும்.

நைலோன் வாளியில் மிதக்கும் எந்தச் சாயத்தையும் குடித்துவிடும், வெள்ளை நைலோனை வெள்ளையோடு மட்டுமே போடுங்கள். நேர் வெயிலிலும் குளோரின் ப்ளீச்சிலும் மஞ்சளாகும். உள்ளாடையில் உள்ள இலாஸ்டிக் நூலையும் ப்ளீச் நொறுக்கிவிடும்.

சுவெட்டர் விஷயத்தில் முதலில் அது கம்பளியா அக்ரிலிக்கா என்று பார்ப்பது நல்லது. கம்பளி நூலின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணி சுருங்கித் தடித்துப்போகும், பெரியவர் சுவெட்டர் பிள்ளைக்கு அளவாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. 30 பாகைத் தண்ணீர், 5 லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி சாதாரண ஷாம்பு, பத்து நிமிடம் அமுக்கி விடுதல், அதே சூட்டில் உள்ள தண்ணீரில் அலசல். கழுவும் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் அலசும் தண்ணீர் பீலியில் இருந்து நேராகவும் இருந்தால் அந்தத் திடீர் மாற்றமும் கம்பளியைச் சுருக்கும். அக்ரிலிக் சுருங்காது, அதற்கு எதிர்மாறாகச் சூடு பட்டால் நீண்டு தொங்கிப் போகும், மீளாது. இரண்டையும் துவாயில் சுருட்டி ஈரம் எடுத்து, மேசையில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தோளைக் கிள்ளி மாட்டினால் தண்ணீரின் பாரமே இழுத்துவிடும்.

பட்டு புழு நூற்ற புரதம். சலவைத்தூளின் காரமும், கறை நீக்கும் தூள்களில் இருக்கும் நொதியும் புரதத்தைத் தின்னும். குளோரின் பட்டால் மஞ்சளாகி நைந்துவிடும். சரிகை இல்லாத மெல்லிய பட்டை ஷாம்புத் தண்ணீரில் மூன்று நிமிடம் அலசி எடுக்கலாம். கடைசி அலசலில் 5 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் மினுக்கம் திரும்பும். சரிகைக் கல்யாணச் சேலையை வீட்டில் நனைக்க வேண்டாம். உடுத்தியதும் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விட்டு வையுங்கள். கறை பட்டால் உலர் சலவைக்குக் கொடுத்து, எந்த இடத்தில் என்ன பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

சிஃபோன், ஜோர்ஜெட், கிரேப் எல்லாம் நெசவின் பெயர்கள், நூலின் பெயர்கள் அல்ல. பட்டு ஜோர்ஜெட்டும் உண்டு, பொலியெஸ்டர் ஜோர்ஜெட்டும் உண்டு. எரித்துப் பார்த்தபின் முறையைத் தீர்மானியுங்கள்.

காயவைப்பதுதான் பெரிய பாடு

கழுவுவதில் செய்த கவனம் எல்லாம் காயவைப்பதில் வீணாகும் ஊர் நமது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்கு மழை விடாது. அதே காலத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கச்சான் காற்று வறட்சியாக அடிக்கும், அங்கே மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் கனக்கும். ஒரே மலைநாட்டில் இரண்டு விதக் கவனம் தேவை.

மழைப் பக்கத்தில் எதிரி நேரம். ஈரத்துணி மணிக்கணக்கில் அப்படியே தொங்கினால் நுண்ணுயிர் பெருகி ஈர நாற்றம் வரும், நாட்கணக்கானால் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பிடிக்கும். அதனால் கொடிக்குப் போகுமுன் துவாயில் சுருட்டி ஈரத்தை எடுப்பதே பாதிக் காயவைத்தல். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பனிமூட்டம் கவிந்த நாளில் வெளிக்காற்று 15 பாகையில் ஈரத்தால் நிரம்பியிருக்கும், அதற்கு மேல் வாங்க இடமே இல்லை, வெளியே போட்ட துணி காயாது. அதே காற்று 20 பாகை உள்ள அறைக்குள் வந்தால் அதன் ஈர அளவு நூற்றுக்கு எழுபத்தைந்துக்குச் சற்றுக் கீழே இறங்கும், துணியில் இருந்து மேலும் ஈரம் வாங்க முடியும். ஆகவே மூடுபனியில் இஸ்தோப்பைவிட உள்ளறைதான் நல்லது. துணிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மின்விசிறி இருந்தால் துணிகளுக்குக் குறுக்காக ஓடவிடுங்கள். மின்விசிறி சூடு தராது, துணியைச் சுற்றித் தேங்கிய ஈரக்காற்றைத் தள்ளும், அதுதான் வேண்டும்.

விறகடுப்புக்கு மேலே கொடி கட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பொலியெஸ்டருக்கு அது இரண்டு வகையில் கேடு. புகையின் எண்ணெய்ப்பசை நூலில் ஏறி மஞ்சளும் நாற்றமும் தரும். அதைவிட, ஒரு தீப்பொறி போதும், துணி உருகி ஓட்டையாகும். உருகிய பொலியெஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும், பருத்தி எரிவதைவிடக் காயம் ஆழமாகும். அடுப்படியில் நிற்கும் பிள்ளைக்கு பளபளவென்ற செயற்கைத் துணிப் பாவாடை போடாதீர்கள்.

பண்டாரவளை, ஹப்புத்தளை இருக்கும், வெயிலும் காற்றும் உள்ள ஊவாப் பக்கத்தில் காய்வது எளிது, ஆனால் உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையானது. வண்ணத் துணி, பட்டு, நைலோன் மூன்றையும் நிழலில் போடுங்கள். பலத்த காற்றில் சிஃபோன் சேலை முள்வேலியில் ஒருமுறை சிக்கினால் நூல் இழுபட்டுவிடும், நாலாக மடித்து மூன்று நான்கு கிளிப் போடுங்கள். தை, மாசி இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழும் நாள் உண்டு, துணியை இரவில் வெளியே விடாதீர்கள்.

பொலியெஸ்டர் சேட்டைக் கொடியில் மடித்துப் போடுவதைவிட ஹேங்கரில் மாட்டி, பொத்தானைப் போட்டு, தையலை நீவிவிட்டால் பெரும்பாலும் அயனே தேவைப்படாது.

அயன்

பொலியெஸ்டருக்கு இரண்டு புள்ளிக்கு மேல் போகக் கூடாது, நைலோனுக்கும் அக்ரிலிக்குக்கும் ஒன்றுதான். குறைந்த சூட்டில் தொடங்கி, உட்புறத்தில், தையல் மடிப்பில் ஒரு மூலையைச் சோதியுங்கள். அயன் இழுபட்டால் சூடு அதிகம். சூடு மிகும்போது நூல் தட்டையாகி மினுமினுப்பு விழும், கறுப்புக் காற்சட்டையின் முழங்காலிலும் பின்பக்கத்திலும் தெரியும் அந்தப் பளபளப்பு பிறகு போகாது. ஈரமான பருத்தித் துணியை மேலே விரித்து அதன்மேல் அழுத்துவதே பாதுகாப்பு. அந்தத் துணியில் ஈரம் இருக்கும் வரை சூடு 100 பாகையை அதிகம் தாண்டாது. சிரட்டைக்கரி அயன் பயன்படுத்துபவர்களுக்குச் சூட்டை அளக்க வழி இல்லை, இந்த ஈரத்துணி கட்டாயம்.

அழுத்திய உடுப்பை உடனே மடிக்கவோ போடவோ வேண்டாம். சூடாக இருக்கும்போது மடித்தால் அந்த மடிப்பே பதியும். ஐந்து நிமிடம் ஹேங்கரில் ஆறட்டும். பாவாடை மடிப்பு கலைந்திருந்தால், மடிப்பை ஊசிகொண்டு பிடித்து, ஈரத்துணி வைத்து அழுத்தி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கள்.

அலுமாரிக்குள்

மலைநாட்டு அலுமாரியின் பின்பலகை பெரும்பாலும் ஈரச்சுவரைத் தொட்டபடி இருக்கும். நாலு விரல் தள்ளி வையுங்கள். பொலியெஸ்டரைப் பூஞ்சணம் தின்னாது, ஆனால் அதில் உள்ள அழுக்கின் மேலும் கஞ்சியின் மேலும் வளரும். பொலியெஸ்டருக்குக் கஞ்சி போட்டுப் பயனும் இல்லை, நூல் அதை வாங்காது. பட்டுச் சேலையைப் பொலித்தீன் பையில் வைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டு சரிகை கறுக்கும். கழுவிக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள், ஒரே கோட்டில் மடிந்துகிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு வெடிக்கும். பூச்சி உருண்டையைச் சேலையின் மேல் நேரே போடாமல் சிறு துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். கம்பளியை மட்டும் அழுக்கோடு வைக்கவே கூடாது, அந்துப்பூச்சி முதலில் தேடிப் போவது வியர்வை பட்ட கழுத்தையும் கைவிளிம்பையும்தான்.